வாய்தா தேதியும் மருந்து தேதியும்: ஜெயிலிலிருந்து வெளியே வரும் எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஒரு எளிய வழிகாட்டி

ஜாமீனில் வெளியே வருகிறவர் பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில்தான் வருவார். கோர்ட்டில் காலையிலேயே உத்தரவு கிடைத்துவிட்டாலும், ஜாமீன்தாரர்கள் வந்து, ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் சரிபார்த்து, அந்தக் காகிதம் ஜெயிலுக்குப் போய்ச் சேர மணி ஐந்து ஆறு ஆகிவிடும். வெளியே அம்மாவோ அண்ணனோ ஆட்டோவை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். உள்ளே போகும்போது வாங்கி வைத்த பர்ஸும் செல்போனும் திரும்பக் கைக்கு வரும். ரெஜிஸ்டரில் கையெழுத்து போட்டால் வேலை முடிந்தது. வெளியே வந்த சந்தோஷத்தில் அந்த நேரத்தில் யாருக்கும் மாத்திரை ஞாபகம் வராது. ஞாபகம் வந்தாலும், மருந்து எடுத்துக் கொடுக்கிற ஆள் டூட்டி முடிந்து போயிருக்கக்கூடும்.

எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடுகிற ஒருவருக்குச் சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான். நான் நாகர்கோவிலில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். கோர்ட்டில் பி.எல்.வி. என்பார்கள். வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. இரண்டு பேரிடமும் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் விடுகிறவன். அப்படிப் போய்வந்ததில் புரிந்ததை, இந்த விஷயத்தை முதல்முறையாகக் கேள்விப்படுகிறவருக்கும் விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன்.

மருந்து என்ன செய்கிறது

எச்.ஐ.வி. என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற வைரஸ். அதை உடம்பை விட்டு முழுவதுமாக விரட்ட இன்றைக்கு வழக்கத்தில் மருந்து இல்லை. ஆனால் அடக்கி வைக்க மருந்து உண்டு. நம் ஊரில் அதைக் கூட்டு மருந்து என்பார்கள். மூன்று மருந்துகளை ஒன்றாகச் சேர்த்ததால் அந்தப் பெயர். இப்போது பெரும்பாலானவர்களுக்கு அந்த மூன்றும் ஒரே மாத்திரையில் அடக்கம்; நாளுக்கு ஒன்று, அவ்வளவுதான். 2004 ஏப்ரலில் அரசு இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அப்போதெல்லாம் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் மருந்து தொடங்குவார்கள். 2017 முதல் அந்தக் காத்திருப்பு கிடையாது; தொற்று உறுதியானால் உடனே மருந்துதான்.

ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தால் ரத்தத்தில் வைரஸின் அளவு பரிசோதனைக்கே தென்படாத அளவுக்கு இறங்கும். அந்த நிலையைத் தக்கவைத்துக்கொள்கிறவரிடமிருந்து உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. இதை நான் சொன்னால் குடும்பத்தார் பாதி நம்பமாட்டார்கள். இந்தக் கூட்டு மருந்தைக் கொடுக்கிற அரசு மையத்துக்கு ஏ.ஆர்.டி. மையம் என்று பெயர்; அங்கே இருக்கிற கவுன்சிலர் வாயால் கேட்டால் நம்புவார்கள். அதனால் மனைவியையோ கணவரையோ ஒரு தடவையாவது கூடவே கூட்டிப்போகச் சொல்வேன்.

மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் தலை தூக்கும். விட்டு விட்டுச் சாப்பிட்டால், அந்த மருந்துக்கே அடங்காத வைரஸாக அது மாறிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆகவே ஜெயில் கேட்டைத் தாண்டிய அன்றைக்கு ராத்திரி மாத்திரையும் ஒரு மாத்திரைதான். அதற்கு லீவு கிடையாது.

மருந்து எங்கே கிடைக்கும்

நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் என்று தனி அறை இருக்கும். பெயர்ப்பலகையைப் பார்த்து இது ஏதோ கோயில் காரியம் என்று நினைத்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வகையில் நல்லதுதான், பெயரைப் பார்த்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது.

மையத்தில் பதிவு செய்தவருக்கு ஒரு ஏ.ஆர்.டி. எண் கொடுப்பார்கள். கையில் ஒரு பச்சைப் புத்தகமும் வரும். எந்த மருந்து, எத்தனை மாத்திரை கொடுத்தார்கள், அடுத்து என்றைக்கு வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மையத்திலேயே வைத்துக்கொள்கிற இன்னொரு அட்டையும் உண்டு. ஒருவர் ஊர் மாறினால் அவருடைய விவரங்கள் புது மையத்துக்குப் போக வேண்டும். அதற்கு டிரான்ஸ்ஃபர் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்குகிற மாதிரி என்று சொன்னால் எல்லாருக்கும் உடனே புரிந்துவிடுகிறது.

இப்போது ஜெயிலுக்கு வருவோம். விசாரணைக் கைதியாக நாகர்கோவில் மாவட்டச் சிறையில் இருந்தவருக்கு ஆசாரிப்பள்ளம் பக்கம். தண்டனை பெற்று பாளையங்கோட்டை மத்திய சிறைக்குப் போனவருக்குப் பக்கத்து மையம் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. தண்டனை முடிந்து வெளியே வந்து, பஸ் ஏறி, வள்ளியூர், ஆரல்வாய்மொழி தாண்டி வடசேரியில் இறங்குகிறார். அவர் உடம்பு நாகர்கோவில் வந்துவிட்டது. அட்டை இன்னும் ஹைகிரவுண்டில் கிடக்கிறது. ஒரு மாத மருந்து கையில் இருந்தால் அந்த மாதத்துக்குள் டிரான்ஸ்ஃபரை முடித்துவிடலாம். மருந்தே இல்லாமல் வந்தால் முதல் நாளிலிருந்தே அலைச்சல்.

தண்டனைக் கைதிக்கு விடுதலை தேதி முன்பே தெரியும் என்பதால் இது சுலபம். ஒரு வாரத்துக்கு முன்பே சிறை மருத்துவரிடமோ நலன் பார்க்கிற அலுவலரிடமோ மூன்று விஷயம் கேட்டு வாங்கிவிடலாம்: பச்சைப் புத்தகம், டிரான்ஸ்ஃபர் காகிதம், கைவசம் மருந்து. விசாரணைக் கைதிக்குத்தான் பாடு. ஜாமீன் என்றைக்குக் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் ஏ.ஆர்.டி. எண்ணையும் எந்த மையம் என்பதையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காகிதம் எதுவும் இல்லாமல் வெளியே வந்தாலும், எண்ணும் மையத்தின் பெயரும் தெரிந்தால் கம்ப்யூட்டரில் ஆளைத் தேட வழி இருக்கிறது. அதுவும் மறந்துபோனால், வெறுங்கையோடு போய் நில்லுங்கள். எப்படி வந்தாலும் மருந்து மறுபடி தொடங்குவார்கள். இடையில் விட்டுப்போனதற்காகத் திட்டு விழுமோ என்று பயந்து போகாமல் இருக்கிறவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

காசநோயையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நெருக்கியடித்து ஆட்கள் இருக்கிற இடத்தில் அது எளிதில் பரவும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இன்னும் எளிதில் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், ராத்திரி வியர்வை, எடை குறைவு என்று ஏதாவது இருந்தால் ஏ.ஆர்.டி. மையத்தில் முதலில் அதைச் சொல்லுங்கள். காசநோய் மருந்து தொடங்கினால் கூட்டு மருந்தின் அளவிலும் மாற்றம் தேவைப்படலாம்.

இலவச சட்ட உதவி என்றால்

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ஐச் சேர்ந்தது. நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. அதன் 12-வது பிரிவில் யாருக்கெல்லாம் இலவச வக்கீல் உண்டு என்ற பட்டியல் இருக்கிறது. காவலில் இருக்கிற எவரும் அதில் வருவார், வருமானம் எவ்வளவு என்று கேள்வி இல்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கும் வருமானக் கேள்வி கிடையாது. மற்றவர்களுக்கு மாநிலம் வைத்திருக்கிற ஆண்டு வருமான வரம்பு உண்டு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உள்ளே இருக்கும்வரை "காவலில் இருக்கிறார்" என்ற ஒரே காரணம் போதும். வெளியே வந்த பிறகு, புதிதாக ஒரு வழக்குக்கோ மனுவுக்கோ உதவி கேட்டால், வேறு காரணத்தில்தான் தகுதி காட்ட வேண்டும். கூலி வேலைக்காரருக்கு வருமான வரம்பே பொதுவாகப் போதும். ஆனாலும் பலர் "வெளிய வந்தாச்சே, இனி அந்த வக்கீல் நமக்கு இல்லை" என்று தாங்களே முடிவு செய்துகொண்டு, வட்டிக்கு வாங்கி வேறு வக்கீலைப் பிடிக்கிறார்கள். தேவையே இல்லை. அதே வழக்குக்கு அதே வக்கீல் தொடரலாம். ஆணைக்குழு அலுவலகத்தில் போய் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நாகர்கோவில் கோர்ட்டில் இருக்கிறது. மாவட்ட முதன்மை நீதிபதி அதற்குத் தலைவர். அன்றாடம் பார்த்துக்கொள்வது அதன் செயலாளர், அவரும் நீதிபதிதான். பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல் போன்ற கோர்ட்டுகள் பக்கம் வழக்கு என்றால் அங்கே வட்ட அளவிலான சட்டப் பணிகள் குழு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறலாம். போனில் என்றால் 15100. வக்கீல் பீஸ், கோர்ட் கட்டணம், நகல் எடுக்கிற செலவு எதுவும் நீங்கள் கொடுக்க வேண்டாம். ஆணைக்குழு கொடுத்த வக்கீல் "டீ செலவுக்கு" என்று கேட்டால் செயலாளரிடம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் கிடக்கிறவர்களும் உண்டு. 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. ஜாமீன் உத்தரவான பிறகு ஏழு நாளுக்குள் ஆள் வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தன்னார்வலரையோ வக்கீலையோ உள்ளே அனுப்பி என்ன தடை என்று பார்க்கச் சொல்வார். அதே வருடம் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஜாமீன் தொகைக்கு விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை என்று அப்போது வைத்தார்கள்.

இரண்டு தேதிகள் மோதும்போது

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். வெளியே வந்தவர் கையில் இரண்டு தேதி இருக்கும். ஒன்று வாய்தா. இன்னொன்று மருந்து வாங்குகிற நாள். ஜாமீனில் நிபந்தனை இருந்தால் மூன்றாவதும் சேரும்: தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து.

அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர் வந்தார். வெட்டு விடியுமுன் தொடங்கும், பால் எடுத்து ஊற்றி முடிக்க ஒன்பது தாண்டும். அவர் சொன்னது இப்படி: "சாரே, காலத்த வெட்டுக்குப் போணும். பத்தரைக்கு ஸ்டேஷன்ல ஒப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒப்பு போச்சு, ஒப்புக்குப் போனா மருந்து போச்சு. நான் எங்கன போவேன்?"

"எத்தன மாத்திர இருக்கு அண்ணே?"

"நாலு."

"அப்ப நாளைக்கு வெட்டு வேண்டாம். ஒப்பு போட்டுட்டு நேரா பஸ் ஏறுங்க. நான் மையத்துல சொல்லி வைக்கேன்."

அன்றைக்கு அப்படிச் சமாளித்தோம். மாதா மாதம் அது முடியுமா? நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி ஜாமீன் கொடுத்த கோர்ட்டிலேயே மனு போட வேண்டும். கண்டிஷன் ரிலாக்ஸ் பெட்டிஷன் என்பார்கள். ஒரு மாதம் ஒழுங்காகக் கையெழுத்து போட்டிருக்கிறார் என்பதைக் காட்டினால் வாரம் ஒருமுறை என்று குறைப்பதோ, அடியோடு எடுத்துவிடுவதோ நடக்கும். இலவச வக்கீலே இதைச் செய்து கொடுப்பார்.

சில வழக்குகளில் சொந்த ஊரில் இருக்கவே கூடாது, மதுரையில் தங்கிக் கையெழுத்து போடு என்று நிபந்தனை வரும். அப்படியானால் மருந்தும் மதுரைக்கு வர வேண்டும். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியிலும் ஏ.ஆர்.டி. மையம் உண்டு. கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றால் முழு டிரான்ஸ்ஃபர் இல்லாமல் தற்காலிகமாக மருந்து வாங்க முடியுமா என்று ஆசாரிப்பள்ளத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வாய்தாவும் மருந்து நாளும் ஒரே நாளில் விழுந்தால், அன்றைக்கு ஆஜராக முடியாததற்கு வக்கீல் மனு போடுவார். கோர்ட் வளாகத்தில் யாரைக் கேட்டாலும் "317 போட்டாச்சு" என்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண் அது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 355. எண் மாறியும் பேச்சு மாறவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் பிடிவாரண்ட் வரும். வாரண்டில் பிடித்தால் மறுபடி ஜெயில், மறுபடி மருந்து இடைவெளி. வாரண்ட் வந்துவிட்டது என்று தெரிந்தால் ஓடி ஒளிய வேண்டாம். வக்கீலோடு தானாக ஆஜராகி ரத்து செய்யக் கேட்கிறவரை கோர்ட் வேறு மாதிரிப் பார்க்கும்.

மனுவில் என்ன எழுதலாம்

ஒருமுறை ஒரு மனுவில் வக்கீல் நல்லெண்ணத்தோடுதான் நோயின் பெயரை அப்படியே எழுதிவிட்டார். அழைப்புக்காக நின்றிருந்த இருபது பேர் நடுவே அது சத்தமாக வாசிக்கப்பட்டது. அந்த இருபதில் நாலு பேர் அவருடைய ஊர்க்காரர்கள். கோர்ட் பெயரும் வக்கீல் பெயரும் இங்கே வேண்டாம். அவர் அடுத்த வாய்தாவுக்கு வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. பரிசோதனைக்கும் சம்மதம் வேண்டும். 31-வது பிரிவு சிறையில் இருப்பவரைப் பற்றியே பேசுகிறது. அரசின் காவலில் இருக்கிற எவருக்கும், விசாரணைக் கைதியானாலும் தண்டனைக் கைதியானாலும், தடுப்பு, பரிசோதனை, சிகிச்சை, ஆலோசனை பெற உரிமை உண்டு. 34-வது பிரிவு கோர்ட்டுக்கானது. பாதிக்கப்பட்டவர் கேட்டால், பெயரை மறைத்து வேறு பெயரில் வழக்கை நடத்தலாம், மூடிய அறையில் விசாரிக்கலாம், செய்தியாக வெளியிடத் தடை போடலாம். எச்.ஐ.வி. உள்ளவர் தொடர்பான வழக்குக்கு முன்னுரிமை கொடுத்து விசாரிக்கவும் அது சொல்கிறது. வக்கீல்களிலேயே பலர் இந்தப் பிரிவை எடுத்துப் பார்த்ததில்லை. நீங்கள் எண்ணைச் சொன்னால் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

மனுவில் "அரசு மருத்துவமனையில் தொடர் சிகிச்சை" என்று எழுதினாலே பெரும்பாலும் போதும். ஆதாரம் கேட்டால் மூடிய உறையில் கொடுக்க அனுமதி கேட்கலாம். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதையே காரணம் காட்டி ஜாமீன் கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உடல் நலிந்தவருக்கு ஜாமீனில் கரிசனம் காட்டச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் மருந்தில் நன்றாக இருக்கிற ஒருவருக்கு அது பலவீனமான வாதம் என்பது என் கருத்து. நோய் முற்றி, உள்ளே பார்க்க முடியாத சிகிச்சை தேவைப்பட்டால் கதை வேறு.

அதே சட்டம், வேலையை விட்டு நீக்குவது, வாடகை வீடு மறுப்பது, ஆஸ்பத்திரியில் ஒதுக்குவது இவற்றையும் பாகுபாடு என்கிறது. இதற்கு மாநிலத்தில் ஆம்புட்ஸ்மேன், அதாவது இந்தப் புகார்களை விசாரிக்கிறவர், உண்டு. புகாரில் 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும். அவசர மருத்துவம் என்றால் கூடியவரை 24 மணி நேரத்தில். உரிமையோடு ஒரு கடமையும் இருக்கிறது. தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தவர், துணைக்குத் தொற்றாமல் நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்.

கடலும் எல்லையும்

தூத்தூர் பக்கத்து ஆட்கள் தங்கல் கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்பமாட்டார்கள். இப்படி உள்ளவர்கள் மையத்தில் தொழிலைச் சொல்லி, ஒன்றுக்கு மேற்பட்ட மாதத்துக்கான மருந்து கேட்க வேண்டும். உடல்நிலை சீராக இருந்தால் கொடுக்க வழி இருக்கிறது. வழக்கு நிலுவையில் இருந்தால் படகு ஏறுமுன் அடுத்த வாய்தாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டில் இன்னொரு தொந்தரவு, டப்பா குலுங்குகிற சத்தம். பக்கத்தில் படுத்திருக்கிறவன் "என்னலே அது, தினமும் ஒரு குலுக்கு" என்று கேட்பான். ஒருவர் டப்பாவுக்குள் பஞ்சை அடைத்து வைத்திருந்தார். நல்ல யோசனை. மாத்திரையைக் கொட்டி வெறும் காகிதத்தில் மடித்து வைப்பதுதான் கூடாது, கடல் ஈரம் அதைக் கெடுத்துவிடும். உள்ளே இருக்கிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் தூக்கி எறிய வேண்டாம்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வழக்கு, இந்தப் பக்கம் வீடு என்று இருக்கிறவர்களும் நிறைய. திருவனந்தபுரம் பூஜப்புரை ஜெயிலிலிருந்து விடுதலையாகி மார்த்தாண்டம் வருகிறவருக்கும் இதே டிரான்ஸ்ஃபர்தான். மாநிலம் மாறினாலும் திட்டம் ஒன்றுதான். தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஆசாரிப்பள்ளம் வரக் கூசுகிறவர்கள் அங்கேயே மருந்தைத் தொடர்வதும் உண்டு. தப்பில்லை. ஆனால் வழக்கு கேரளத்தில் என்றால் வக்கீல் உதவியும் அங்கிருந்துதான் வர வேண்டும். 15100 அங்கேயும் வேலை செய்யும். எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097, இலவசம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

அருமனைக்காரருக்கு நிபந்தனை வாரம் ஒன்றாகக் குறைந்தது, திங்கட்கிழமை. மருந்து நாளைச் செவ்வாய்க்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டோம், கொடுத்தார்கள். பச்சைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் வாய்தா தேதியையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். பேனாவில் எழுதக்கூடாதா என்று கேட்டேன். "அது தள்ளிப்போட்டுட்டே இருப்பாங்க சாரே" என்றார்.